பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கான மருத்துவம்: தமிழ்நாடும் இலங்கையும்

பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கான மருத்துவம் ஐந்து பணிகளைக் கொண்டது: காயத்துக்குச் சிகிச்சை அளித்தல், கருவுறுதலையும் தொற்றையும் தடுத்தல், தடயம் சேகரித்தல், மனத்துயருக்குத் துணை நிற்றல், பல மாதங்களுக்குத் தொடர்ந்து கவனித்தல். போர், கலவரம், அரசுப் படையினரின் தேடுதல் வேட்டை, சாதி மோதல் ஆகியவை நிகழும் பகுதிகளில் இந்த ஐந்தும் ஒருசேரக் கிடைப்பது அரிது. சாலை அடைபட்டிருக்கும், மருத்துவர் இடம்பெயர்ந்திருப்பார், குற்றம் செய்தவரே சீருடை அணிந்தவராகவும் இருப்பார். தமிழ் பேசும் பகுதிகளில் இம்மருத்துவத்தின் வரலாறு தருமபுரி, விழுப்புரம் மாவட்டங்களின் பழங்குடிக் குடியிருப்புகள், இலங்கையின் வடக்கு மாகாணம், அங்கிருந்து வெளியேறியவர்கள் வாழும் மரக்காணம் கடற்கரை உள்ளிட்ட முகாம் பகுதிகள் ஆகியவற்றோடு இணைந்தது. நீதிமன்றத்துக்குச் சான்று தேடும் சோதனையாகத் தொடங்கியது, நோயாளிக்குச் சிகிச்சை பெறும் உரிமையாக மாற நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சிகிச்சையின் கூறுகள்

இம்மருத்துவத்தில் நேரமே முதன்மையானது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். கருவுறுதலைத் தடுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 120 மணி நேரம் வரை தரலாம். எவ்வளவு விரைவில் தரப்படுகிறதோ அவ்வளவு பலன் கூடும். வெட்டை, கிரந்தி, கிளமிடியா போன்ற பால்வினை நோய்களுக்கு முன்காப்பு மருந்து, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி ஆகியவையும் முதல் வருகையிலேயே தரப்பட வேண்டியவை. இவை எல்லாமே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தறையில் வைத்திருக்கக்கூடிய எளிய மருந்துகள்.

சட்ட மருத்துவச் சோதனைக்கும் ஒழுங்கு உண்டு. இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பரிசோதனை, சிகிச்சை, தடயம் சேகரித்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒப்புதல் பெற வேண்டும். தடயம் எடுக்க மறுத்தவருக்கும் சிகிச்சை பெறும் உரிமை அப்படியே இருக்கும். அறைக்குள் காவலர் இருக்கக் கூடாது. பெண் மருத்துவர் இல்லையென்றால் பெண் உதவியாளர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். உடைகளைக் களையும்போது உதிரும் மண், முடி, இழை ஆகியவை சிதறாமல் இருக்கத் தரையில் தாள் விரிக்கப்படும். பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரிகளை உலரவைத்து, உறையிட்டு, முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கிறது என்பதைக் குறித்து அனுப்ப வேண்டும். உடலிலிருந்து எடுக்கும் இத்தகைய தடயங்கள் பெரும்பாலும் 96 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பயன்படும். கன்றிய காயம் முதல் நாளில் தோலில் தெரியாமல் இரண்டாம் நாளில் நிறம் மாறித் தெரிவதுண்டு. அதனால் இரண்டு நாட்கள் கழித்து ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும் என்பதும், மூன்றாம், ஆறாம் வாரங்களில் மறுபரிசோதனை வேண்டும் என்பதும் அந்நெறிமுறையில் உள்ளன.

மனநலக் கவனிப்பின் முதற்படி, குறுக்கிடாமல் கேட்பது, சொன்னதை நம்புவது, வீடு திரும்பினால் பாதுகாப்பு உண்டா என்று விசாரிப்பது ஆகியவை. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது தீங்கு செய்யும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன.

காலனியக் காலச் சட்ட மருத்துவம்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டபோது பாலியல் வன்புணர்வு குற்றமாக வரையறுக்கப்பட்டது. அதற்குச் சான்று தரும் வேலை மருத்துவரிடம் வந்தது. நார்மன் செவர்ஸ் 1856இல் வெளியிட்ட சட்ட மருத்துவக் கையேடும், ஜெய்சிங் மோடி 1920இல் வெளியிட்ட பாடநூலும் பல தலைமுறை மருத்துவர்களுக்கு வழிகாட்டின. இந்நூல்கள் பெண்ணின் சொல்லைச் சந்தேகத்தோடு அணுகக் கற்பித்தன. உடலில் எதிர்ப்பின் காயம் உண்டா, கன்னிச் சவ்வு கிழிந்துள்ளதா, பெண் முன்பே உறவுக்குப் பழகியவரா என்பவை சோதனையின் கேள்விகளாயின. இரு விரல் சோதனை எனப்படும் முறை இவ்வழியில் மருத்துவமனை வழக்கமாகி, மருத்துவ அடிப்படை எதுவும் இல்லாமலே நிலைத்தது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, காவல் நிலையத்திலிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால்தான் மருத்துவர் பார்ப்பார் என்ற வழக்கம் ஊன்றியது. இரண்டாவது, சோதனை முடிந்ததும் மருத்துவரின் கடமை முடிந்தது என்ற எண்ணம் வளர்ந்தது; கருத்தடை மாத்திரையோ ஆறுதல் வார்த்தையோ சான்றிதழில் இடம்பெறவில்லை.

மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972இல் ஆதிவாசிச் சிறுமி ஒருவர் காவலர்களால் வன்புணரப்பட்ட வழக்கில், உடலில் காயம் இல்லாததை ஒரு காரணமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தது. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979இல் எழுதிய திறந்த மடலும், நாடெங்கும் எழுந்த பெண்கள் இயக்கமும் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. காவலில் நடக்கும் வன்புணர்வு தனிக் குற்றமானது. அத்தகைய வழக்கில் தனக்குச் சம்மதம் இல்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதையே உண்மை என அனுமானிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. சிகிச்சை பற்றி அத்திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

வாச்சாத்தியும் அத்தியூரும்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினர் 155 பேர், காவலர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என 269 அரசு ஊழியர்கள் அவ்வூருக்குள் நுழைந்தனர். வீடுகளை உடைத்து, மக்களை அடித்து, 18 பெண்களை வன்புணர்ந்தனர். அவர்களில் பதின்மூன்று வயதுச் சிறுமியும் இருந்தார். அதே பெண்கள் பின்னர் சந்தனக் கடத்தல் வழக்கில் கைதாகிச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். குற்றம் செய்தவர்களின் காவலிலேயே இருந்ததால் உடனடிச் சிகிச்சைக்கோ சோதனைக்கோ வழியே இருக்கவில்லை. நடந்தது வெளியுலகுக்குத் தெரிய வாரங்கள் ஆயின.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் வழக்கைக் கொண்டுசென்றன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கை கிராமத்தினர் சொன்னதை உறுதிசெய்தது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 17 பேர் மீதான குற்றம் வன்புணர்வு. 2023 செப்டம்பர் 29 அன்று நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார். உடனடி மருத்துவச் சான்று இல்லாத நிலையிலும் பெண்களின் சாட்சியத்தின் வலுவில் குற்றம் நிலைநாட்டப்பட்டது. அந்தப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையை எந்தத் தீர்ப்பாலும் முப்பத்தொரு ஆண்டுகள் கழித்துத் தர முடியாது.

விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கு இணையான வரலாறு இருளர்களுடையது. பாம்பு, எலி பிடித்தும், செங்கற் சூளைகளிலும் வயல்களிலும் உழைத்தும், கழுவேலி நீர்ப்பரப்பில் கையால் இறால் பிடித்தும் வாழும் இம்மக்கள் திருட்டு வழக்குகளில் எளிதாகப் பிடித்துச் செல்லப்படுபவர்கள். 1993இல் அத்தியூர் என்னும் சிற்றூரில் இருளர் இளம்பெண் ஒருவர், விசாரணைக்கு வந்த புதுச்சேரிக் காவலர்களால் வன்புணரப்பட்டார். அவருக்கு நீதி கேட்டு எழுந்த போராட்டத்திலிருந்து, திண்டிவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியால் 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு காவலர்களுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அவர்கள் விடுதலையாயினர். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி. மண்டபம் கிராமத்தில் இருளர் பெண்கள் நால்வர், இரவில் அழைத்துச் சென்ற காவலர்கள் தங்களை வன்புணர்ந்ததாகப் புகார் அளித்தனர்.

காவலர் கடிதம் இல்லாமல் மருத்துவர் பார்ப்பதில்லை என்ற வழக்கத்தின் கொடுமை இவ்வழக்குகளில் முழுமையாக வெளிப்பட்டது. யார்மீது புகாரோ அவர்களிடமே கடிதம் கேட்டு நிற்கும் நிலை பெண்களுக்கு ஏற்பட்டது. மருத்துவமனைக் கதவு காவல் நிலையத்தின் வழியாகத் திறக்கும்வரை, காவலரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது திறப்பதில்லை.

சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடகக் கூட்டு அதிரடிப்படையினரின் வன்முறை பற்றி விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. பணம் ஓரளவு வந்தது. மனநலச் சிகிச்சைக்கான நிரந்தர ஏற்பாடு அத்துடன் வரவில்லை.

இலங்கைப் போர்க்காலம்

இலங்கையின் வடக்கில் இம்மருத்துவத்தின் வரலாறு யாழ்ப்பாண மருத்துவ பீடத்தோடு தொடர்புடையது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள்ளேயே மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் படையினரால் வன்புணரப்பட்ட பெண்களின் நிலையை அம்மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம நேரில் சென்று கேட்டுப் பதிவு செய்தார். அப்பதிவுகள் அவரும் சக ஆசிரியர்கள் மூவரும் எழுதிய ‘முறிந்த பனை’ நூலில் இடம்பெற்றன. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தங்குமிடமும் துணையும் தந்த பூரணி பெண்கள் நிலையத்திலும் அவர் பணியாற்றினார். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனநலத் துறையில் உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் பணி அடிப்படையானது. போர் ஏற்படுத்தும் உள்ளக் காயத்தை விளக்கித் தமிழில் வெளிவந்த ‘மனவடு’ கையேடு, மருத்துவர் அல்லாத ஆசிரியர், சமயத் தலைவர், கிராமப் பணியாளர் ஆகியோருக்கும் பயன்பட்டது. யாழ்ப்பாணத்தின் ‘சாந்திகம்’ நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் பெரும்பாலும் அதை நேரடியாகச் சொல்லாமல் தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பு எரிவு, நித்திரையின்மை ஆகியவற்றுக்கே மருந்து கேட்டு வருவார்கள். உடல் நோயின் மொழியில் வரும் இத்துயரைப் புரிந்துகொள்ளும் பயிற்சி வெளிநோயாளர் பிரிவு மருத்துவருக்கும் தேவை என்பது போர்ப் பகுதி மருத்துவத்தின் முக்கியப் பாடம்.

இலங்கையில் பொலிசார் தரும் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் செல்வதே வழமையான முறை. ஊரடங்கு, சோதனைச் சாவடி, மருந்துகளுக்கான பொருளாதாரத் தடை ஆகியவற்றால் இந்த வழியும் போர்க்காலத்தில் அடைபட்டது. 1996 செப்டம்பரில் பாடசாலை மாணவி ஒருவர் செம்மணிச் சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டு வன்புணர்ந்து கொல்லப்பட்ட பிறகு, சாவடியைக் கடந்து வைத்தியசாலைக்குப் போவதே பெண்களுக்கு அச்சம் தருவதாயிற்று.

சட்டமும் தடையாக இருந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவைப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பு செய்யலாம். வன்புணர்வால் உண்டான கருவுக்கு விலக்கு அளிக்க 1995இல் முன்மொழியப்பட்ட திருத்தம் கைவிடப்பட்டது. வன்புணர்வால் கருவுற்ற பெண்ணுக்கு அரச வைத்தியசாலையில் பாதுகாப்பான வழி சட்டப்படி இல்லாமலே போனது.

2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிக்குளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். பின்னர் வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சு ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கான நிலையங்களைத் திறந்தது. தெற்கில் ‘மித்துரு பியச’ என்று அழைக்கப்படும் இவை வடக்கு வைத்தியசாலைகளிலும் இயங்குகின்றன.

புகலிடத்தில் மருத்துவம்

பாதிக்கப்பட்டவர்களில் ஆண்களும் உள்ளனர் என்பது புலம்பெயர்ந்த நாடுகளின் மருத்துவ அறிக்கைகளால் பொதுவெளிக்கு வந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, 2006 முதல் 2012 வரை இலங்கையில் தடுப்புக்காவலில் நடந்த 75 பாலியல் வன்முறைகளை விவரித்தது; ஆண்களும் பெண்களும் அதில் அடங்குவர். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையும் இதை உறுதிப்படுத்தியது. ஹெலன் பாம்பர் 1985இல் பிரிட்டனில் தொடங்கிய சித்திரவதைக்குள்ளானோருக்கான மருத்துவ அமைப்பு, புகலிடம் கேட்ட தமிழர்கள் பலரின் தழும்புகளை ‘இஸ்தான்புல் நெறிமுறை’ப்படி பரிசோதித்து அறிக்கை தந்தது. அரசு ஊழியரால் துன்புறுத்தப்பட்டவரின் உடலை மருத்துவர் எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று 1999இல் வகுக்கப்பட்ட உலக அளவுகோல் அது.

தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் நிலை வேறு. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் 1990 முதல் ஈழத் தமிழர்கள் வாழ்கின்றனர். 1984இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் பெண்களையே சுகாதாரப் பணியாளராகவும் ஆற்றுப்படுத்துநராகவும் பயிற்றுவித்தது. தமிழக அரசு 2021இல் இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாததால், போரில் நேர்ந்த பாலியல் வன்முறையை மருத்துவரீதியாகப் பதிவு செய்து புகலிடம் பெறும் முறை இங்கு இல்லை. பலருக்கும் அக்காயம் எந்த மருத்துவச் சீட்டிலும் எழுதப்படாமலே போனது.

உலக நெறிமுறைகள்

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை போரில் பெண்களை வன்புணர்விலிருந்து காக்க வேண்டும் என்றது. மருத்துவ நெறிமுறை உருவாக மேலும் அரை நூற்றாண்டு ஆனது. போஸ்னியா, ருவாண்டா போர்களுக்குப் பிறகு, அகதி முகாமில் முதல் நாளிலிருந்தே தரவேண்டிய குறைந்தபட்ச இனப்பெருக்க நலச் சேவைகள் 1990களின் நடுவில் வரையறுக்கப்பட்டன. 2000களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் வன்புணர்வுக்குள்ளானோருக்கான சிகிச்சைக் கையேட்டை முகாம் மருத்துவர்களுக்கு அளித்தன. காங்கோவின் புகாவு நகரில் 1999இல் டெனிஸ் முக்வேகே நிறுவிய பான்சி மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, மனநலம், சட்ட உதவி, தொழிற்பயிற்சி நான்கையும் ஒரே வளாகத்தில் தந்தது. அவருக்கு 2018இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2019ஆம் ஆண்டு 2467ஆம் தீர்மானம், பாதிக்கப்பட்டவரின் விருப்பமும் தேவையுமே எல்லாச் சேவைக்கும் மையம் என்றது.

இந்தியாவில் சட்ட மாற்றம்

காவலர் கடிதத்துக்காகக் காத்திருந்து நோயாளியைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2000இல் கர்நாடக அரசு எதிர் மஞ்சன்னா வழக்கில் கண்டித்தது. 2006இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், பெண்ணின் ஒப்புதலோடு, பதிவு பெற்ற மருத்துவரிடம் சோதனை நடக்க வேண்டும் என்றது.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பின் நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்பது அதன் புதிய விதி. ஆயுதப் படையினர் தாம் பணியில் அமர்த்தப்பட்ட பகுதியில் செய்யும் வன்புணர்வும், சமூகக் கலவரத்தின்போது நடக்கும் வன்புணர்வும் கடுந்தண்டனைக்குரியவை ஆயின. அதே ஆண்டு லில்லு வழக்கில் இரு விரல் சோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுவது என உச்ச நீதிமன்றம் கூறியது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் மேலே விவரித்த நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி, காவல்துறையை நாட விரும்பாதவரின் மறுப்பை மருத்துவர் எழுத்தில் பதிந்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும்.

2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் தொடங்கப்பட்டன. 2021இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பாலியல் வன்முறைக்குள்ளானோருக்கு 24 வாரம் வரை அனுமதி கிடைத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, தமிழ்நாட்டில் இரு விரல் சோதனையை உடனே தடைசெய்ய ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அச்சோதனை செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவார் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் இலவசச் சிகிச்சைக் கடமை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவில் உள்ளது.

மரக்காணம் கடற்கரையில் நடைமுறை

மரக்காணம் உப்பளப் பகுதி இச்சட்டங்கள் கிராமத்தில் எப்படிப் பயன்படுகின்றன என்பதைக் காட்டும் இடம். உப்பளக் கூலிகள், மீனவர்கள், இருளர்கள், முகாம்வாசிகள் அருகருகே வாழும் இக்கடற்கரையிலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி அதைவிடத் தொலைவு. உப்பள வேலை விடியுமுன் தொடங்குவது. ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். மூன்று முறை மறுபரிசோதனைக்கு வரச் சொல்வது மூன்று நாள் கூலியை விடச் சொல்வதாகும். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் சாதிக் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தபோது கடற்கரைச் சாலைப் போக்குவரத்தே நின்றது. அத்தகைய நாளில் 72 மணி நேரக் கெடு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தால் மட்டுமே காக்கப்படும்.

அந்த மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு வைத்தல், செவிலியருக்கும் மருத்துவ அலுவலருக்கும் நெறிமுறையில் பயிற்சி அளித்தல், மறுபரிசோதனைக்கு வருபவருக்குப் பயணப்படியும் கூலி இழப்பீடும் தருதல் ஆகிய மூன்றுமே சட்டத்துக்கும் சிகிச்சைக்கும் இடையே எஞ்சியுள்ள வேலை. இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளான எவரும் காவல் நிலையக் கடிதமோ முதல் தகவல் அறிக்கையோ இல்லாமல் எந்த மருத்துவமனைக்கும் நேரே சென்று இலவசச் சிகிச்சை பெறலாம். உதவிக்கு 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.